அறுபத்தெட்டு எம்.பி.

பாபு ராவ் தெரு லாட்ஜில்
வரவேற்பு மேசைக் கணினிக்கு இணையம் இல்லை.
கொடுத்தால் ராத்திரிப் பையன் படம் பார்ப்பான்
என்பது முதலாளியின் கட்சி.
விண்டோஸ் ஏழு. முப்பத்திரண்டு பிட்.
மானிட்டர் தலையில் போன வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழம்.

"இன்ஸ்டால் கின்ஸ்டால்னு இங்க எதுவும் பண்ணாதம்மா.
ஒரே ஃபைலு. ரெண்டு தட்டு தட்டனா திறக்கணும்."
மேனேஜர் கோதண்டபாணி சொன்னது அவ்வளவுதான்.
முன்பணம் இரண்டாயிரம்.

நான் எழுதியது நானூறு வரி.
அறை, ஊர், கூட வந்தவர், எந்த டாக்டர், எத்தனை நாள்.
பெயரை மட்டும் வந்தவரே
தன் வங்காள எழுத்தில் தட்டிக்கொள்ள
திரையில் ஒரு விசைப்பலகை.
எல்லாம் சேர்த்துப் பதினொரு கேபி.

காட்பாடி மொட்டைமாடி அறை, மே மாதம்.
ஈரத்துணிமேல் இரண்டு செங்கல், செங்கல்மேல் லேப்டாப்.
கட்டத் தொடங்கினேன்.
நிரலைக் கட்டு, நிரலைப் படிக்கத் தெரிந்ததையும் கட்டு,
அது கைநீட்டிக் கேட்கும் ஒவ்வொன்றையும் தேடிக் கட்டு.
பொத்தானை வரைய ஒரு நூலகம்,
அந்த நூலகத்துக்குத் துணையாய் இன்னும் ஆறு.
விடிந்தபோது அறுபத்தெட்டு எம்.பி.

மறுநாள் பென்டிரைவோடு போனேன்.
படிக்கட்டில் புருலியாவிலிருந்து ஒரு குடும்பம்:
சுருட்டிய படுக்கை, குக்கர், ஒரு மூட்டைப் பொரி,
ஐந்து லிட்டர் கடுகெண்ணெய் டின்,
எக்ஸ்ரே கவரை நெஞ்சோடு அணைத்த மனைவி.
"வேலூர்ல அரிசி கெடைக்காதா இன்னா?" சிரித்தார் மேனேஜர்.
நான் சிரிக்கவில்லை.
அந்த நிமிஷம் திரையில் எனக்கு ஒரு டிஎல்எல் குறைந்திருந்தது.

அவர்களுக்கு ஒன்பதாம் நம்பர்.

இரண்டாம் முறை ஆன்டிவைரஸ் பிடித்துக்கொண்டது.
மூட்டையோடு வருகிறவனை
எந்த வாசலும் ஒருமுறை தடவிப் பார்க்கும்.
மூன்றாம் முறை திறந்தது, பன்னிரண்டு நொடி கழித்து.
அதற்குள் அவர் எட்டுத் தட்டு தட்டியிருந்தார்;
நான்கு ஜன்னல் விரிந்தன.
நான்கிலும் பெயர் வரவேண்டிய இடத்தில்
கட்டம், கட்டம், கட்டம்.

என் கணினியில் அந்த எழுத்துரு இருந்தது.
இருந்ததால், அது இருப்பதே எனக்குத் தெரியாது.

எழுத்துருவையும் உள்ளே வைத்துக் கட்டினேன்.
ஒன்பதாம் நம்பர் அம்மாள்
கணவர் பெயரைத் தானே தட்டினாள்.
குனிந்து பார்த்தாள். ஓர் எழுத்தின் கீழே
புள்ளி விட்டுப்போயிருந்தது. வைத்தாள்.
பிறகு நெடுநேரம் நகரவில்லை.

அன்று மாலைக்குள் பத்தொன்பது பேர் பதிவு.
இரவு மூடினார். காலையில் திறந்தார்.
லாட்ஜில் யாருமே இல்லை.

தப்பு என்னுடையது.
ஒற்றைக் கோப்பு திறக்கும்போது
எங்கோ ஒரு தற்காலிகக் கோப்புறையில்
தன் சாமானையெல்லாம் இறக்கிவைக்கும்;
மூடும்போது பெருக்கித் துடைத்துவிட்டுப் போகும்.
நான் பதிவேட்டை அங்கே எழுதியிருந்தேன்.
உள்ளே என்ன வேண்டுமானாலும் கட்டலாம்;
ஆட்களின் பெயர் வெளியே, டி டிரைவில், தனியாக இருக்கட்டும்.
இதை நான் எந்தப் பாடத்திலும் படிக்கவில்லை,
ஒரு காலை முழுக்க மாடி மாடியாக ஏறி
கதவு தட்டி
மறுபடி பெயர் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

மீதிப் பணம் கைக்கு வந்தது, ஐந்நூறு குறைய.

பத்து நாள் கழித்து, பஸ் பாலாற்றுப் பாலத்தில்.
கீழே மணல், மணலில் ஒரு டிராக்டர் தடம்.
போன் வந்தது.
"அம்மா, கரண்ட்டு போய் வந்துச்சு.
பத்தொம்பது பேரும் அப்படியே கீறாங்க."
கொஞ்சம் இருமினார்.
"ஒம்பதாம் நம்பர் காலிம்மா. விடியக்காலைல.
டின்னு, பொரி மூட்டை எல்லாம் இங்கயே விட்டுட்டுப் போய்ட்டாங்க.
இந்தப் பேரை எப்டி எடுக்கறது?"

எதனால் காலி என்று நான் கேட்கவில்லை.
நீக்கும் பொத்தான் நான் வைத்திருக்கவில்லை.